வீடு மாறிய ஒரு 'ன்': தெரியுமா?

ரஷ்ய மொழியில் அதிகம் புழங்கும் சொற்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் 'இ' என்ற சொல்லுக்கு. நம் 'உம்' செய்கிற வேலையைச் செய்வது அது. அதற்கு அடுத்து நிற்கிற சொல் எது தெரியுமா? 'வ்'. ஆமாம், வெறும் 'வ்'! உயிரெழுத்தே இல்லாத ஒற்றை மெய், ஒரு முழுச் சொல். நம்முடைய 'இல்' உருபின் பொருள் அதற்கு. மாஸ்கோவில் என்று சொல்ல 'வ் மஸ்க்வே' என்பார்கள். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்; அதனால் இலக்கணத்தில் இதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர். முன்னால் வைத்தும் திருப்தி இல்லை, பெயரின் வாலையும் வேற்றுமைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள்: 'மஸ்க்வா' என்ற ஊர்ப்பெயர் 'மஸ்க்வே' ஆகிவிட்டது பாருங்கள். ரஷ்யனுக்கு உறவான ஸ்லாவிக் மொழிகளைப் பேசுவோரில் பல்கேரியரும் மாசிடோனியரும் மட்டும் பெயர்ச்சொற்களின் வேற்றுமை வால்களை ஏறக்குறைய முழுதாக உதிர்த்துவிட்டார்கள். அங்கே இந்தச் சின்ன முன்னிடைச்சொற்களே மொத்தப் பாரத்தையும் சுமக்கின்றன.

அந்த ஒற்றை 'வ்' நடந்து வந்த வழியைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. நீங்களும் கேளுங்கள்!

ஆங்கிலத்தின் 'இன்', லத்தீனின் 'இன்', பழைய கிரேக்கத்தின் 'என்', ரஷ்யரின் 'வ்' ஆகிய நான்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெரியுமா? இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'என்' போல ஒலித்த ஒரு சொல்தான் அந்தத் தாய். 'இன்' என்பதில் உள்ள இகரமும் 'வ்'-வில் இல்லை, னகரமும் இல்லை. ஒரு ஒலிகூடப் பொதுவாக இல்லாத இரண்டு சொற்கள் எப்படி உடன்பிறப்புகள் ஆகும்?

படிப்படியாகப் பாருங்கள். ஸ்லாவிக் கிளையில் தாய்ச்சொல்லின் உயிர் தேய்ந்து மிக மிகக் குறுகிய உகரம் ஆனது: 'உன்'. அந்த உகரத்துக்கு முன்னால் ஒரு வகரம் வந்து ஒட்டிக்கொண்டது: 'வுன்'. பிறகு கடைசியில் இருந்த 'ன்' கழன்றது: 'வு'. பிறகு அந்தக் குட்டி உகரமும் மறைந்தது: 'வ்'. அதாவது பிறக்கும்போது இருந்த எதுவுமே இன்று அந்தச் சொல்லில் இல்லை! இடையில் ஒண்ட வந்த வகரம் மட்டும் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆகி உட்கார்ந்திருக்கிறது.

இல்லாத இடத்தில் வகரம் எப்படி முளைக்கும் என்று கேட்பவர்கள் நம் பேச்சையே காது கொடுத்துக் கேட்கலாம். 'ஒன்று' என்று எழுதுகிறோம். வாய் 'வொண்ணு' என்கிறது. 'எங்கே' என்பது 'யெங்கே' ஆகிறது. உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு மெய்யைப் படியாகப் போட்டு ஏறுவது நாவின் பழக்கம். ஸ்லாவியர்களும் அதையே செய்தார்கள். சமஸ்கிருதத்தில் நீர்நாய்க்கு 'உத்ர', லித்துவேனிய மொழியில் 'ஊத்ரா', ரஷ்யனில் 'வீத்ரா'! மூன்றும் ஒரே சொல்; மூன்றாவதில் அதே வகரம்.

இதைவிடப் பெரிய வியப்பு பெல்கிராடில் இருக்கிறது. செர்பிய மொழியிலும் அந்தக் குட்டி உகரம் மறைந்து 'வ்' தனித்து நின்றது. பிறகு அந்த 'வ்' இளகி, உதடு குவிந்து, 'உ' ஆகிவிட்டது. பள்ளியில் என்று சொல்ல இன்று 'உ ஷ்கோலி' என்கிறார்கள். 'உன்' என்று கிளம்பி, 'வுன்', 'வு', 'வ்' என்று ஊரெல்லாம் சுற்றி, மறுபடி 'உ'! உக்ரைனிய மொழியோ இரண்டையும் கையில் வைத்துக்கொண்டது. மெய்களுக்கு நடுவே 'உ', உயிர்களுக்கு நடுவே 'வ்' என்று ஓசைக்கு ஏற்ப மாற்றி மாற்றிச் சொல்வார்கள். உயிர் முன் 'ஓர்', மெய் முன் 'ஒரு' என்று தமிழாசிரியர் சொல்லித் தந்தது உங்களுக்கு நினைவு வந்தால் வியப்பில்லை.

சரி, அந்தக் குட்டி உகரம்! தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குற்றியலுகரமும் குற்றியலிகரமும் நாம் பள்ளியிலேயே கேட்ட பெயர்கள். பழைய ஸ்லாவிக் மொழிகளிலும் அதே போல ஒரு குறுகிய உகரமும் ஒரு குறுகிய இகரமும் இருந்தன. மொழிநூலார் அவற்றை 'யெர்' என்பார்கள். 863இல் சிரிலும் மெத்தோடியஸும் மொராவியாவுக்குப் போய் ஸ்லாவியர்களுக்கு எழுத்து கொடுத்தபோது இந்த இரண்டு குட்டி ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்தே அமைந்தது. அதற்குப் பின் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் அந்த ஒலிகள் ஸ்லாவிக் உலகம் முழுவதும் உதிரத் தொடங்கின. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை 1889இல் செக் அறிஞர் அந்தோனீன் ஹாவ்லிக் எடுத்துக் காட்டினார். சொல்லின் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணு. முதல் குட்டி உதிரும், இரண்டாவது முழு உயிராகும், மூன்றாவது உதிரும், நான்காவது நிலைக்கும். வழியில் ஒரு முழு உயிர் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? ரஷ்யனில் 'உன்னிடம்' என்பதற்கு 'க் திபியே' என்கிறார்கள். 'என்னிடம்' என்றால் 'க்' சட்டென்று 'கோ' ஆகி 'கோ ம்னியே' என்று வருகிறது. ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்பார்கள். காரணம் ஆயிரம் ஆண்டு பழையது. 'என்' என்ற பொருள் தரும் சொல்லுக்குள் அன்று ஒரு குட்டி உகரம் இருந்தது. கடைசியிலிருந்து எண்ணினால் அது முதலாவது, உதிர்ந்தது. முன்னிடைச்சொல்லின் உகரம் இரண்டாவது. பிழைத்து 'ஓ' ஆனது. 'உன்' என்ற பொருள் தரும் சொல்லில் குட்டி உகரம் கிடையாது. அதனால் அங்கே முன்னிடைச்சொல்லின் உகரமே முதலாவது, அதுவே உதிர்ந்தது. இன்று தெருவில் விளையாடுகிற குழந்தை யோசிக்காமல் சொல்கிற 'கோ'வுக்குள் இத்தனை கணக்கு!

குழந்தை என்றதும் ஒன்ஃபீம் நினைவுக்கு வருகிறான். 13ஆம் நூற்றாண்டில் நோவ்கொரோத் நகரத்தில் எழுத்துப் பழகிய சிறுவன். பூர்ச்ச மரப்பட்டையில் கீறி எழுதுவது அந்த ஊர் வழக்கம்; நம் ஓலையும் எழுத்தாணியும் போலத்தான். அந்த ஊரின் சேற்று மண் பட்டைகளை அப்படியே காத்து வைத்திருந்தது. முதல் பட்டைக் கடிதம் 1951இல் கிடைத்தது. இன்றுவரை ஆயிரத்துக்கு மேல். ஒன்ஃபீமின் பட்டைகள் 1956இல் வெளிவந்தன. எழுத்து வரிசை, அசைப் பயிற்சி, ஒரு விசித்திர மிருகத்தின் படம், அதோடு தானிலா என்பவனுக்கு ஒரு வணக்கம். பெரியவர்களின் கடிதங்கள் 'இன்னாரிடமிருந்து இன்னாருக்கு' என்று தொடங்கும். அதைப் பார்த்து இவனும் தன் பெயரை முன்னால் போட்டு, தானிலாவின் பெயருக்கு முன்னால் 'கோ' என்று கீறியிருக்கிறான். ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளையின் கையில் அந்த முன்னிடைச்சொல்லை எழுநூறு ஆண்டு கழித்து நாம் பார்க்கிறோம்! எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

கவனித்தீர்களா, ரஷ்யரின் 'க்' நம் நான்காம் வேற்றுமையின் 'கு' போலவே ஒலிக்கிறது, ஏறத்தாழ அதே திசையைக் காட்டுகிறது! அதன் பழைய வடிவமோ 'கு'வேதான், குட்டி உகரத்தோடு. உடனே உறவு கொண்டாடிவிட வேண்டாம். ஸ்லாவிக் சொல்லின் இன்னும் பழைய வடிவம் 'குன்'. அதற்கு இணையாக வேதமொழியில் நான்காம் வேற்றுமைச் சொல்லின் பின் வரும் 'கம்' என்ற இடைச்சொல்லை அறிஞர்கள் காட்டுவதுண்டு. நம் 'கு' திராவிட வீட்டுப் பிள்ளை. இரண்டும் தனித்தனியே வளர்ந்து ஒரே முகச்சாயலில் வந்து நிற்பது தற்செயல். தற்செயல் என்று தெரிந்த பிறகும் அதிசயம் குறையவில்லை.

இப்போது அந்தத் தொலைந்த 'ன்'. என் கதையின் நாயகன் அதுதான்.

'வுன்', 'ஸுன்', 'குன்' என்று மூன்று சொற்கள் இருந்தன. முதலாவது 'இல்', இரண்டாவது 'உடன்', மூன்றாவது 'இடம், நோக்கி'. பழைய ஸ்லாவிக் மொழிக்கு ஒரு பிடிவாதம் வந்தது: எந்த அசையும் மெய்யில் முடியக் கூடாது! எல்லா அசையும் உயிரிலேயே முடிய வேண்டும். அதனால் மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் நின்றபோதெல்லாம் இந்த மூன்றின் 'ன்'னும் உதிர்ந்துவிட்டது. ஆனால் அடுத்த சொல் உயிரிலோ யகரத்திலோ தொடங்கினால்? அப்போது 'ன்' சாகவில்லை. அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது! 'ஸுன் யிம்' என்றால் 'அவனுடன்'. அது 'ஸு நியிம்' ஆகி, இன்றைய ரஷ்யனில் 'ஸ் நிம்'.

தமிழ் எழுத்தில் எழுதும்போது இதில் ஒரு தனி அழகு தெரிகிறது. நமக்கு இந்த ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு. சொல்லின் கடைசியில் 'ன்', சொல்லின் முதலில் 'ந்'. ஸ்லாவிக் 'ன்' முந்தைய சொல்லின் வாலை விட்டு அடுத்த சொல்லின் தலைக்குப் போனதும் நம் கையில் எழுத்தே மாறிவிடுகிறது. சிரிலிக்கில் எழுதுகிறவர்களுக்கும் லத்தீன் எழுத்தில் எழுதுகிறவர்களுக்கும் இது கண்ணில் படாது. நமக்குப் படுகிறது!

நேர் எதிர்ப்பக்கம் போன 'ந்' ஒன்றும் உண்டு. நம் நாரத்தையின் இனச்சொல், திராவிடத்திலிருந்து சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் முடிவு. இத்தாலியர் வாயில் முன்னால் நின்ற 'ஊனா' என்ற சொல் அந்த 'ந'வை விழுங்கிவிட்டது, 'அராஞ்சா' ஆனது, ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆகி நம்மிடமே திரும்பி வந்தது. ஆனால் ஸ்லாவியரான குரோஷியர்கள் இன்றும் 'நாராஞ்சா' என்கிறார்கள், நகரத்தோடு!

ரஷ்யனுக்குத் திரும்புவோம். ஒட்டிக்கொண்ட 'ந்' பிறகு செய்ததைக் கேளுங்கள். அதற்கு உரிமை மூன்றே முன்னிடைச்சொற்களிடம்தான். ஆனால் மக்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது: 'முன்னிடைச்சொல் வந்தால் அவனுக்கு முன்னால் ஒரு ந் போட வேண்டும் போலிருக்கிறது!' உடனே பிறவியிலேயே 'ன்' இல்லாத முன்னிடைச்சொற்களுக்குப் பின்னாலும் போடத் தொடங்கினார்கள். 'அவன்' என்பதன் இரண்டாம் வேற்றுமை தனியே 'யெவோ'. 'அவனிடத்தில்' என்றால் 'ஊ நியெவோ'. இந்த 'ஊ' ஒருநாளும் 'ஊன்' ஆக இருந்ததில்லை! 'இல்லாமல்' என்ற பொருளுள்ள 'பியெஸ்' என்பதற்குப் பின்னாலும் 'நியெவோ' தான்.

இதை வைத்து ஒரு முன்னிடைச்சொல்லின் வயதையே சொல்லிவிடலாம் என்பது தெரியுமா? மரத்தின் வளையத்தை எண்ணுவது போல! ரஷ்யனில் 'அவனால்தான் இந்த நன்மை' என்பதற்கு வரும் 'பிலகதரியா' என்ற முன்னிடைச்சொல், 'நன்றி சொல்லி' என்ற வினையெச்சத்திலிருந்து அண்மைக் காலத்தில் உருவானது. அதற்குப் பின்னால் 'யெமு' என்றே வரும், 'நியெமு' வராது. 'அவனை மீறி' என்னும்போதும், 'அவனை எதிர்கொண்டு' என்னும்போதும் இதே கதை. பிறகு வந்த மருமகள்களுக்குக் குடும்ப நகையில் பங்கு கிடைக்கவில்லை. போலந்துக்காரர்களும் செக் மக்களும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'நன்றி' என்ற சொல்லிலிருந்து அவர்கள் செய்துகொண்ட புது முன்னிடைச்சொல்லுக்குப் பின்னாலும் தாராளமாக நகரம் வைக்கிறார்கள்.

தெற்கே போனால் இன்னும் தாராளம். செர்பியன், குரோஷியன், ஸ்லோவேனியன் மூன்றிலும் முன்னிடைச்சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்திச் சொல்லும் 'அவனை' என்பது 'ந்யெகா'. 'அவனுடைய' என்பதும் 'ந்யெகொவ்'. வாடகைக்கு வந்த நகரம் அங்கே பட்டாவே வாங்கிவிட்டது!

இப்படி இரண்டு சொல்லுக்கு நடுவேயுள்ள வேலி நகர்வதை ஒரு பொது நிகழ்வாகப் பார்த்துப் பெயரிட்டு ஆராய்ந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வோல்கா கரையின் கசான் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். போலந்துக்காரரான யான் போதுவென் தெ கூர்த்தெனே, அவருடைய மாணவர் வசீலி பொகரோதீத்ஸ்கி. தலைநகரங்களிலிருந்து வெகுதூரத்தில், மிகச் சிறிய ஒலிகளை இவ்வளவு கவனத்தோடு கேட்ட அந்த மனிதர்கள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை.

அந்த 'ந்' பிரதிப்பெயர்களோடு நிற்கவில்லை. வினைகளுக்குள்ளும் புகுந்தது! 'எடு' என்ற பொருளுள்ள பழைய வேர் 'இம்'. 'வுன்'னும் 'இம்'மும் சேர்ந்தால் 'உள்ளே எடுத்துக்கொள்'. அதிலிருந்து வந்தது 'வ்நிமானியே', கவனம். ரஷ்ய ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புக்கு முன்னால் கேட்கும் அதே சொல். 'ஸுன்' சேர்ந்தால் 'ஸ்னிமாத்', கழற்று. புகைப்படம் எடுப்பதற்கும் அதே சொல்தான். இதுவரை நியாயம். ஆனால் 'பொனிமாத்', புரிந்துகொள்? அதன் முன்னால் இருப்பது 'பொ'. அதில் 'ன்' ஒருநாளும் இருந்ததில்லை. பார்த்துப் பழகி ஒட்டவைத்த நகரம்! செக் மொழியில் 'கருத்து' என்பதற்கு அதே உறுப்புகளால் ஆன சொல் 'பொயெம்', நகரம் இல்லை. ரஷ்யனில் 'பொன்யாத்தியே', நகரம் உண்டு.

உச்சம் இனிமேல்தான். 'வீனுத்' என்று ஒரு ரஷ்ய வினை. 'வெளியே எடு' என்று பொருள். பையிலிருந்து சாவியை எடுப்பதற்கு நாள்தோறும் சொல்வது. ரஷ்யப் பள்ளிகளில் இதை வைத்து ஒரு புகழ்பெற்ற கேள்வி உண்டு: வேரே இல்லாத சொல் எது? இதுதான் பதில்! 'வீ' முன்னொட்டு, 'நு' பின்னொட்டு, 'த்' வினை ஈறு. வேர் எங்கே? இல்லை! முதலில் 'வீன்யாத்தி' என்று இருந்தது. 'இம்' என்ற வேர் அதில் தேய்ந்து ஒரு உயிர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. முன்னால் அந்த வந்தேறி நகரம். 'நுத்' என்று முடியும் நூற்றுக்கணக்கான வினைகளின் சாயலில் இந்தச் சொல்லும் 'வீனுத்' ஆனபோது தேய்ந்த வேர் முற்றிலும் போய்விட்டது. எங்கோ ஒரு முன்னிடைச்சொல்லின் வாலாக இருந்த 'ன்' கடைசியில் வேரின் இடத்தில் நிற்கிறது.

அதே 'ஸுன்', அதே 'இம்' சேர்ந்து 'ஒன்றாக எடுத்தல்', அதாவது கூட்டம், என்றும் ஒரு சொல் பிறந்தது. ரஷ்யனில் அது 'ஸோன்ம்', திரள் என்ற பொருளில் ஏட்டு வழக்காக நிற்கிறது. செக் மொழியில் 'ஸ்ன்யெம்', பேரவை. பிராகில் உள்ள கீழவையின் பெயரில் இன்றும் இருக்கிறது. வார்சாவில் நகரம் ஒட்டாத வடிவம் வாழ்ந்தது: 'ஸெய்ம்', போலந்து நாடாளுமன்றத்தின் கீழவை! இரண்டு நாட்டுச் சட்டமன்றங்களின் பெயருக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு அந்த ஒரு மெய்தான்.

அரசியல் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். ரஷ்யனில் நாடுகளுக்கு 'வ்' போடுவார்கள். தீவுகளுக்கும் சில நிலப்பகுதிகளுக்கும் 'மேல்' என்ற பொருளுள்ள 'நா' போடுவார்கள். உக்ரைனுக்கு நெடுங்காலம் 'நா'தான் வழக்கம். விடுதலை பெற்ற பின் 1993இல் உக்ரைன் அரசு, நாங்கள் ஒரு நாடு, எங்களுக்கு 'வ்' போடுங்கள் என்று கேட்டது. ஒரு மெய்யெழுத்துக்காக ஒரு அரசு! போலந்து மொழியில் லித்துவேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவுக்கும் 'நா' வருவதால் அங்கே அதில் சிறுமை எதுவும் எண்ணப்படவில்லை. ஆனாலும் போர் மூண்ட 2022இல் போலந்து மொழிக் கழகம் உக்ரைனுக்கு 'வ்' வடிவத்தைப் பயன்படுத்துமாறு ஊக்குவித்தது. உக்ரைனின் தேசியக் கவி தாரஸ் ஷெவ்சென்கோ 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் எழுதியவர். அன்று அது வெறும் வழக்கு. இன்று ஒருவர் எந்த முன்னிடைச்சொல்லைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவர் நிற்கும் பக்கத்தை ஊகிக்கிறார்கள்.

கடைசியாக வயிற்றுக்குள் ஒரு பயணம். 'உத்ரோபா' என்றால் ரஷ்யனில் கருப்பை, வயிறு. அதே குடும்பத்துச் சொல் ஒன்று 'வுன்'னோடு சேர்ந்து 'உள்ளுக்குள்' என்ற பொருளில் வந்தது. வழக்கம்போல 'ன்' தாவியது. பிறகு மக்கள் 'வ்' என்பதைக் கழற்றிப் பார்த்தார்கள். கையில் மிஞ்சியது 'நுத்ரோ', மனிதனின் உட்புறம், உள்மனம். ஒரே குடும்பம், ஒன்றுக்கு நகரம் இல்லை, மற்றதற்கு உண்டு. 'அவனுக்குள்ளே' என்பதை ரஷ்யனில் 'வ்நுத்ரி நியெவோ' என்று சொல்லும்போது அந்தப் பழைய 'ன்' இரண்டு முறை வருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!

இதே வழியில் வந்த இன்னொரு சொல் 'நியேத்ரா'. பழைய ஸ்லாவிக் ஏடுகளில் நகரத்தோடும் வருகிறது, நகரம் இல்லாமலும் வருகிறது. மடி, மார்பு, உள்ளிடம் என்று பொருள். 'மடியில்' என்று 'வுன்' சேர்த்துச் சொல்லிச் சொல்லி நகரம் ஒட்டிப்போனது. இன்றைய ரஷ்யனில் அது பூமியின் மடியைக் குறிக்கிறது. எண்ணெய், எரிவாயு, வைரம், நிலக்கரி எல்லாம் அந்த 'நியேத்ரா'வுக்குள்தான். அவற்றை யார் தோண்டலாம், யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் ரஷ்யச் சட்டம் 1992 பிப்ரவரியில் வந்தது. அதன் பெயர் 'அ நியேத்ராக்', பூமியின் மடியைப் பற்றி. அந்தத் தலைப்பிலும் சொல்லின் முதலெழுத்தாக நிற்கிறது, 'வுன்' தொலைத்த அந்த 'ன்'.